எதிரணிக்கு அடியெடுத்துக் கொடுத்தவள்

எங்க ஸ்கூல்ல விவாதப் போட்டின்னா யாரும் விவாதம் பண்ண மாட்டோம். எழுதிக் குடுத்ததைப் பாடமாக்கி ஒப்பிப்போம், அவ்வளவுதான். எதிரணி வாயைத் திறக்க முன்னாடியே அவங்களுக்கான மறுப்பு எங்களுக்குப் பாடம். எந்த இடத்துல மேசையைத் தட்டணும், எந்த இடத்துல நடுவரைப் பார்த்துச் சிரிக்கணும்னு கூட அடிக்கோடு போட்டு வந்துடும். கண்டியில எங்களுக்குத் தெரிஞ்ச ஸ்கூல் எல்லாம் இப்படித்தான் பண்ணுச்சு, அதனால வெக்கப்படணும்னு யாருக்கும் தோணல.

எங்களுக்குப் பொறுப்பா இருந்தவங்க இரசாயனவியல் டீச்சர். யாழ்ப்பாணத்துக்காரங்க. யாழ்ப்பாணம்னா தமிழ் தானா வரும்னு அதிபரே ஒரு முடிவுக்கு வந்து தமிழ் மன்றத்தை அவங்க தலையில கட்டிட்டாரு. பாவம் அந்த மனுசி, அமிலத்தையும் காரத்தையும் கலக்கச் சொன்னா கண்ணை மூடிட்டு கலக்குவாங்க, ஒரு வரவேற்புரை எழுதச் சொன்னா தலைவலி வந்துடும். "எனக்கு உது சரிவராது பிள்ளையள்" னு எங்ககிட்டயே சொல்லுவாங்க. அதனால டவுன்ல ஒரு துணிக்கடைக்கு மேல தமிழ் கிளாஸ் நடத்துற டியூசன் சேர்கிட்ட போய் மூணு பேச்சாளருக்கும் பேச்சு எழுதி வாங்கிட்டு வந்தாங்க.

அந்த சேர் லேசுப்பட்ட ஆள் இல்ல. எங்க பேச்சை மட்டும் குடுக்க மாட்டாரு, எதிரணி என்ன சொல்லும்னும், வணக்கத்தை மட்டும் விட்டுட்டு, சேர்த்தே எழுதிக் குடுப்பாரு. முதல் சுத்தான கோட்டமட்டப் போட்டியில அவர் எழுதினதை அப்படியே, ஒரு சொல் பிசகாம, எதிரணி சொல்லிச்சு. இந்த மனுசன் சாத்திரம் கீத்திரம் பார்க்கிறாரோன்னு வாயைப் பொளந்துட்டு நின்னோம். கொஞ்சம் மூளை இருந்திருந்தா அன்னைக்கே விளங்கியிருக்கணும். எங்களுக்குத்தான் யோசிக்கிறது பாடத்திட்டத்திலயே இல்லையே.

அந்த வருஷம் தலைப்பு, இணைப்பாடவிதானச் செயற்பாடுகள் மாணவர்களை வளர்க்கின்றனவா, கெடுக்கின்றனவா. அதாவது விளையாட்டு, மன்றம், இந்த மாதிரிப் போட்டி எல்லாம். நாங்க வளர்க்கின்றன பக்கம். நான் தான் தலைவி. எனக்கு இருந்த ஒரே தகுதி தொண்டை. நான் இரகசியம் பேசினா அம்பிட்டியவுக்குக் கேக்கும்னு வீட்ல சொல்லுவாங்க.

பேச்சாளர் மூணு பேர், நாலாவதா நேரம் பார்க்கிற ஒருத்தி. வத்தேகமவில இருந்து பஸ்ல வாறவ, என்னோட கூட்டாளி. மூணு வருஷமா அவளுக்கு அதே வேலைதான், நேரம் முடிஞ்சதும் மணி அடிக்கிறது. சாமி ரூம் மணியைத்தான் எடுத்துட்டு வருவா. நல்லா யோசிக்கிறவ, மெதுவா பேசுவா, குரல் சின்னது. "குரல் காணாது பிள்ளை" ன்னு டீச்சர் ஒவ்வொரு வருஷமும் அவளைத் தள்ளி வச்சுடுவாங்க. ஆனா பேசிப் பழகும்போது எங்களுக்கு எதிரணி வேணுமே. லேப்ல, கண்ணாடிக் குழாய்களுக்கு நடுவில நின்னுட்டு, எதிரணியோட மூணு பேச்சையும் அவ ஒருத்தியே பேசிக் காட்டுவா. எங்க வரி எல்லாம் கேட்டுக் கேட்டுப் பாடம், அவங்க வரி எல்லாம் பேசிப் பேசிப் பாடம்.

உயர்தரப் பரீட்சை முடிஞ்சதும் அவளைக் கொழும்புல சித்தப்பா கடையில வேலைக்கு நிப்பாட்டுறதா வீட்ல முடிவு பண்ணியிருந்தாங்க. அதை அவ அழுது கிழுது சொல்லல. பஸ்ஸுக்கு நிக்கும்போது வடையைக் கடிச்சுட்டே சொன்னா. "அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ மைக் முன்னுக்கு நின்னு பேசிடணும்டி. கடையில யாரு என்னைப் பேசச் சொல்லப் போறா?" நானோ மைக் கிடைச்சா விடாத ஆள்.

அடுத்த சுத்தான வலயமட்டப் போட்டிக்கு ரெண்டு நாள் இருக்கும்போது எங்க மூணாவது பேச்சாளருக்கு டெங்கு. டீச்சர் நெத்தியில கை வச்சிட்டு உக்காந்துட்டாங்க. புதுசா ஒருத்தியைப் பிடிச்சுப் பாடமாக்க வைக்க நேரம் இல்ல. எல்லாம் பாடமா வச்சிருந்தவ ஒருத்திதான். சாமி ரூம் மணியை பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்னுகிட்ட குடுத்துட்டு அவ பேச்சாளர் கதிரைக்கு வந்தா. ஒருத்திக்குக் காய்ச்சல்னா இவ முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். பார்க்கவே பாவமா இருந்துச்சு.

போட்டி பேராதனைக்கு அங்கால ஒரு ஸ்கூல் மண்டபத்துல. வேனை விட்டு இறங்கி உள்ள போனா, நடுவர் மேசையில மூணு பேர். நடுவில கல்வி அலுவலகத்துல இருந்து வந்த ஒரு மேடம். இடப்பக்கம் யாரோ ஒரு ஓய்வுபெற்ற அதிபர். வலப்பக்கம் பவுடர் பூசி, வெள்ளை ஷேர்ட் போட்டு, நம்ம டியூசன் சேர். டீச்சர் என் கையைப் பிடிச்ச பிடியில நகம் பதிஞ்சிட்டு.

நான் எழும்பி ஆரம்பிச்சேன். "தராசு முள் ஆடலாம், தங்கள் உள்ளம் ஆடாது, நடுவர் பெருமக்களே." கைதட்டல். சேரும் தலையை ஆட்டினாரு. அடுத்தது எதிரணித் தலைவி எழும்பினா. "தராசு முள் ஆடலாம், தங்கள் உள்ளம் ஆடாது, நடுவர் பெருமக்களே."

அப்பதான் எனக்கு மண்டையில உறைச்சுது. சேர் சாத்திரமும் பார்க்கல ஒரு மண்ணும் பார்க்கல. ரெண்டு பக்கத்துக்கும் அவரே எழுதிட்டு, இப்ப அவரே புள்ளி போட வந்து உக்காந்திருக்காரு. ரெண்டு அணியும் பேசப் பேச அவர் உதடு கூடவே அசையுது. எங்க ரெண்டாவது ஆள் ஒரு வரியை முன்னுக்குப் பின்னா மாத்திச் சொன்னப்ப அவருக்கு வயித்து வலி வந்த மாதிரி முகம் சுருங்கிச்சு. எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் ஆத்திரம்.

கடைசிச் சுத்து. எதிரணியோட மூணாவது பிள்ளை பேசணும், அதுக்கு அப்புறம் என் கூட்டாளி பேசி முடிக்கணும். அந்தப் பிள்ளை நல்லாத்தான் பேசிட்டு வந்தா. அவளோட பெரிய வரி கிட்ட வந்து நின்னுட்டா. "விளையாட்டு மைதானத்தில் விழுந்த..." னு சொன்னா. திரும்பவும் அதையே சொன்னா. மூணாந்தரம் சொல்லும்போது குரல் உடைஞ்சு, கண்ணு கலங்கிட்டு. சேர் உதட்டை அசைச்ச வேகத்துல வாயே கழண்டு விழுந்துடும் போல இருந்துச்சு.

இங்க என் கூட்டாளிக்கு வேற பிரச்சினை. அவளோட பேச்சு அந்த வரிக்கான பதில்லதான் ஆரம்பிக்குது. அவ கேக்காட்டி இவ எதுக்குப் பதில் சொல்றது? மூணு வருஷம் காத்துட்டு இருந்து கிடைச்ச மைக். நான் திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள அவ எங்க மேசையில இருந்தே, லேப்ல சொல்றதைப் போல நிறுத்தி நிதானமா எடுத்துக் குடுத்துட்டா: விளையாட்டு மைதானத்தில் விழுந்த வியர்வை வினாத்தாளுக்கு விடை எழுதுமா? எதிரணிப் பிள்ளை மூக்கை உறிஞ்சிட்டு, மைக்லயே "நன்றி அக்கா" ன்னு சொல்லிட்டு, அந்த வரியைச் சொல்லி முடிச்சு உக்காந்தா.

மண்டபமே சலசலத்துச்சு. மேடம் கையைத் தூக்கினாங்க. எழும்பின என் கூட்டாளியைப் பார்த்து, அந்தப் பிள்ளை என்ன சொல்லப் போகுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டாங்க. முன்வரிசையில டீச்சர் முகத்துல இரத்தமே இல்ல. சேர் அண்ணாந்து மேல சுத்துற காத்தாடியைப் பார்த்துட்டு இருந்தாரு. ஒரு சொல் போதும், ரெண்டு ஸ்கூலையும் வெளிய அனுப்ப. இவ பேசாமலே வீட்டுக்குப் போகவும் அதே சொல் போதும்.

"எல்லாரும் இதைத்தான் மிஸ் சொல்லுவாங்க" ன்னா அவ. "அதுக்கு நானும் ஒரு பதில் பாடமாக்கி வச்சிருக்கேன்."

சிரிப்பு அடங்க நேரம் எடுத்துச்சு. மேடமும் சிரிச்சாங்க, ஆனா விடல.

"அந்தப் பாடத்தை விடுங்க மகள். நீங்க என்ன நினைக்கிறீங்க? அதைச் சொல்லுங்க."

அவ மைக் கிட்ட போனா. நின்னா. ஏதாவது சொல்லித் தொலைடி, அந்த வியர்வையைப் பத்தியாவது சொல்லுன்னு மனசுக்குள்ள கத்துறேன். அவ அவசரப்படவே இல்ல. மேடத்தைப் பார்த்தா, எதிரணியைப் பார்த்தா, அப்புறம் மைக்கைக் கொஞ்சம் கீழ இறக்கினா.

"தெரியல மிஸ். இதுவரைக்கும் யாரும் எங்ககிட்ட அதைக் கேட்டதில்ல. யோசிச்சுச் சொல்றேன்."

வந்து உக்காந்துட்டா. என் தண்ணிப் போத்தலைப் பறிச்சு முழுக்கக் குடிச்சுட்டு, "கேட்டிச்சா?" ன்னு கேட்டா. கடைசிக் கதிரை வரைக்கும் கேட்டிச்சுடின்னேன். எனக்குப் பொலபொலன்னு கண்ணீர் வந்துட்டு. என்ன எழவுக்கு அழுறேன்னு எனக்கே விளங்கல.

தோத்துட்டோம். அதுல அதிசயம் ஒன்னும் இல்ல. சிறந்த பேச்சாளர் சான்றிதழ் எனக்கு. சொந்தமா ஒரு சொல் கூட இல்லாத பேச்சுக்கு, அதை எழுதின மனுசன் கையாலயே வாங்கினேன். குடுக்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கல.

திரும்பி வரும்போது பேராதனை ரோட்டுல வேன் அசையவே இல்ல. நல்ல மழை. எங்க ரெண்டாவது ஆள் ரோல்ஸ் பெட்டியைத் திறந்து வச்சா, பசி இருந்தும் யாரும் எடுக்கல. முன் சீட்ல டீச்சர். எப்ப வெடிப்பாங்களோன்னு பார்த்துட்டு இருந்தோம். ஏன்டா இந்தப் பிள்ளையைக் கூட்டிட்டு வந்தோம்னு நினைக்கிறாங்க போலன்னு என் கூட்டாளி என் காதுல சொன்னா. கெட்டம்பே தாண்டினதும் டீச்சர் திரும்பி அவளைப் பார்த்தாங்க.

"என்ன பிள்ளை, யோசிச்சு முடிஞ்சுதோ?"

கிண்டலா, கோபமான்னு பிடிபடல. அவ நிமிர்ந்து உக்காந்தா.

"ஆமா டீச்சர். அவங்க பக்கம்தான் சரி."

செத்தோம்னு நான் கண்ணை மூடிட்டேன்.

"ஓம்" னாங்க டீச்சர். "எனக்கும் கனகாலமா அப்பிடித்தான் படுது. என்னட்டையும் ஒருத்தரும் கேக்கேல்லை."