ஜாதிக்காவின் வலப்பக்கம்

லாடம் அடிக்கிறவன் குதிரையை முகத்தை வைத்து அடையாளம் கண்டுகொள்வதில்லை, குளம்பை வைத்துத்தான். எதிரே வருகிற குதிரை யாரென்று கேட்டால் விழிப்பேன். காலைத் தூக்கிக் காட்டினால் பெயரைச் சொல்லிவிடுவேன். தையல்காரர்கள், மெக்கானிக்குகள், பல் டாக்டர்கள் எல்லாரும் என் கட்சி என்று நினைக்கிறேன். நாம் சரியாக வேலை செய்தால் நம் பெயரை யாரும் எடுப்பதில்லை. எங்கேயாவது தப்பு நடந்தால் முதல் விசாரணை நம்மிடம்தான்.

நான் பொள்ளாச்சிக்காரன். பெயர் முருகேசன். மட்டாஞ்சேரிக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கொச்சியில் ரேஸ் மைதானம் கிடையாது, ஆனால் குதிரைப் பைத்தியங்களுக்குக் குறைவில்லை. வருஷா வருஷம் மகர மாதத்தில், அதாவது நம் தை மாதத்தில், கடல் உள்வாங்கும் நாளாகப் பார்த்து, அவர்களே கூடி எதிரே இருக்கும் வைப்பின் தீவுக் கடற்கரையில் ஒரு போட்டி வைத்துக்கொள்வார்கள். அதில் மூன்று வருஷம் தொடர்ந்து ஜெயித்தவள் எங்கள் ஜாதிக்கா. நான் சொல்லப்போவது நாலாவது வருஷத்தைப் பற்றி.

மிச்சம் வைத்த புல்

பஜார் ரோட்டில் மலைச்சரக்கு வியாபாரம் செய்யும், எல்லாரும் இக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் ரசாக்குக்கு இரண்டு குதிரைகள். கிடங்கில் பாதி சுக்கு மூட்டை, பாதி லாயம். செம்பழுப்புப் பெண்குதிரைக்கு ஜாதிக்கா என்றும், கறுப்பு ஆண்குதிரைக்கு, மலையாளத்தில் மிளகைச் சொல்கிற குருமுளகு என்றும் பெயர் வைத்திருந்தார். இரண்டும் குட்டியிலிருந்து ஒன்றாக வளர்ந்தவை. தோப்பும்படியில் படகு எஞ்சின் பார்க்கும் ஜோமோன்தான் இரண்டையும் ஓட்டுவான். ஒல்லி ஆள், மழைக்கோட்டு போட்டால்தான் ஆள் இருப்பதே தெரியும். காலைப் பயிற்சியில் குருமுளகின் மேல் உட்கார்ந்து, ஜாதிக்காவைப் பக்கத்தில் கயிற்றில் பிடித்துக்கொண்டு போவான். குருமுளகு எப்போதும் அவளுக்கு வலப்பக்கம். போட்டி நாளில் மட்டும் அவள் மேல் ஏறுவான்.

போட்டிக்கு முந்தின ஜூனில், இடவப்பாதி மழையில், குருமுளகு வயிற்றுவலி வந்து இரண்டே நாளில் போய்விட்டது. அதற்குப் பிறகு ஜாதிக்கா, போடுகிற புல்லில் சரிபாதியைத் தின்றுவிட்டு, மீதியை மூக்கால் வலப்பக்கமாகத் தள்ளி வைக்க ஆரம்பித்தாள். லாயத்தின் அடுத்த மூலைக்கு மாற்றிக் கட்டினோம். அங்கேயும் அதே கதை. டாக்டர் வந்து பல், நாக்கு, வயிறு எல்லாம் பார்த்து ஒரு குறையும் இல்லை என்று போய்விட்டார். பசி தீராமல் விலா எலும்பு தெரிந்தது. ஆனாலும் அந்தப் பாதியில் வாய் வைக்கவில்லை. இக்கா குனிந்து அந்தப் புல்லைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அது யாருக்குன்னு அவளுக்குத் தெரியுது முருகேசா. நாமதான் முழிச்சுக்கிட்டு நிக்கறோம். நாளைலேருந்து ரெண்டு பங்கு போடு."

ஐந்தாவது தட்டு

புது லாடம் அடித்தால் குதிரையைத் தார் ரோட்டில் நடக்கவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். நடையில் நாலு தட்டு. நாலும் ஒரே அளவில் விழுந்தால் என் வேலை சரி. பார்த்தால் ஏமாந்துவிடலாம், கேட்டால் ஏமாற முடியாது.

அன்று காலை கிடங்குகள் இன்னும் திறக்கவில்லை. ரோடு காலி. ஜோமோன் அவளை மெதுவாக நடத்திக்கொண்டு வந்தான். நாலு தட்டும் சுத்தமாக விழுந்தது. அதன் இடுக்கில் இன்னொன்று, மந்தமாக, ஈரத்துணியால் பொத்தினதுபோல. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். குருமுளகின் முன்னங்கால் குளம்பில் வெடிப்பு இருந்தது. அதற்காக வளையல் மாதிரி முழுக்க மூடிய லாடம் ஒன்று அடித்துக் கொடுத்திருந்தேன். இந்த ஊரில் அப்படி லாடம் போட்ட குதிரை வேறு இல்லை. கண்ணைத் திறந்தேன். ஜாதிக்கா மட்டும்தான் வந்துகொண்டிருந்தாள். ரோட்டின் ஓரமாக வராமல், வலப்பக்கம் ஒரு குதிரை இடம் விட்டு, நடுரோட்டில். மறுபடி ஒருமுறை நடத்தச் சொல்லலாமென்று வாயெடுத்தேன். ஜோமோன் நிமிராமலே சொன்னான்: "எனக்கும் கேக்கும் அண்ணா. ஞான் திரும்பிப் பாக்கறதில்ல. நீங்களும் பாக்க வேண்டாம், கேட்டோ."

ஜோமோனின் திட்டம்

அந்த வருஷம் களமசேரியிலிருந்து ஒரு சாம்பல் நிறக் குதிரை புதிதாக வந்திருந்தது. அதை ஓட்டியவர் சிவன், பாலக்காட்டுத் தமிழர், நிஜமான ரேஸ் மைதானங்களில் ஓட்டிப் பழகினவர். ஒத்திகை ஓட்டத்தில் ஜாதிக்கா அதனிடம் மோசமாகத் தோற்றாள். ஜோமோன் அவளை ஈரமணலின் ஓரத்துக்கு, கடலை ஒட்டித் திருப்பத் திருப்ப அவள் கழுத்தை முறுக்கிக்கொண்டு இடப்பக்கமே வந்தாள். பாதித் தெம்பு அந்தச் சண்டையிலேயே போயிற்று.

அன்றைக்கே இக்காவின் பையன்கள் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்கள். இந்த வருஷம் தோற்றால் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற ஒருவருக்கு அவளைக் கொடுத்துவிட வேண்டும். செண்டை மேளச் சத்தம் தூரத்தில் கேட்டாலே நடுங்கி வியர்க்கிறவள் அவள். இக்கா மறுத்துப் பேசவில்லை. வயதாகிவிட்டது, பையன்கள் கையில்தான் கிடங்கு. ஜோமோன் இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் லாயத்திலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள் சாயாக்கடையில் என்னிடம் திட்டத்தைச் சொன்னான். முதலில் மற்றவர்களை முன்னால் போகவிட்டு நாலாவதாக இருப்பது. சாட்டையைத் தொடுவதில்லை. கை இரண்டையும் அவள் கழுத்தில் வைத்து அசைக்காமல் இருப்பது. கடைசி இருநூறு அடியில்தான் விடுவது. இதெல்லாம் எனக்குப் புரிந்தது. கடைசியாக, வலப்பக்கம் ஒரு குதிரை இடம் விட்டே ஓட்டுவேன் என்றான். கடல் பக்கம் கெட்டியான மணல் இருக்கும்போது எதற்காக அங்கே ஒரு குதிரை இடத்தைச் சும்மா விட வேண்டும் என்று கேட்டேன். குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அது சும்மா இல்ல அண்ணா. அந்த இடத்த நான் எடுத்துக்கிட்டா அவ ஓடமாட்டா. விட்டுக்கொடுத்தா ஓடுவா."

இரண்டு மூக்கு

வண்டிகள் ஏற்றும் ஜங்கார் படகில் அவளை ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோனோம். போட்டியில் ஏழு குதிரைகள். காற்று இல்லை, அலைகூடச் சத்தம் இல்லாமல் வந்து போனது. தெற்கு நோக்கி ஓட்டம், வலப்பக்கம் கடல். குறுக்கே பிடித்திருந்த கயிறு விழுந்ததும் சாம்பல் குதிரை முன்னால் பாய்ந்து ஈரமணலைப் பிடித்துக்கொண்டது. ஜாதிக்கா சொன்னபடி நாலாவது. இக்காவின் மூத்த பையன் என் பக்கத்தில் நின்று முனகிக்கொண்டே இருந்தான். பாதி தூரத்தில் மூன்றாவது. ஜோமோன் கல் மாதிரி இருந்தான். கடைசி இருநூறு அடிக்கு நட்ட கொடி தாண்டியதும் அவன் கைகள் மட்டும் முன்னால் நகர்ந்ததைப் பார்த்தேன். அவ்வளவுதான், அவள் உடம்பு தாழ்ந்து நீண்டது.

சாம்பல் குதிரை கடலோரம், ஜாதிக்கா கரைப்பக்கம், நடுவில் அந்த இடைவெளி. கழுத்தளவு பின்னால் இருந்தாள். இனி முடியாது என்றுதான் நினைத்தேன். அப்போது சிவன் சட்டென்று இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார். யாரோ இடித்ததுபோலக் கடிவாளத்தை வலப்பக்கம் இழுத்தார். சாம்பல் குதிரை நுரைக்குள் இறங்கியது. அரை எட்டு தடுமாற்றம். எல்லையில் நின்று செல்போனில் பிடித்த படத்தைப் பத்துத் தடவை பார்த்துத்தான் தீர்ப்பு சொன்னார்கள். ஜாதிக்கா ஒரு மூக்கு நுனியில் வெற்றி. படத்தில் இரண்டு குதிரைகள், நடுவில் வெறும் மணல்.

எல்லாரும் ஜோமோனைத் தூக்கிக்கொண்டிருந்தபோது சிவன் இறங்கி நடந்து வந்தார். கோபமாக வருகிறாரென்று நினைத்தேன். முகத்தில் ரத்தமே இல்லை. ஜோமோனை உற்றுப் பார்த்தார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "எங்களுக்கு நடுவுல கறுப்புக் குதிரையில வந்தது இவன் தம்பியா? அப்படியே இதே முகமா இருக்கே."

அடுத்த வருஷத்துக்கு

ஜோமோனுக்குத் தம்பி கிடையாது. வீட்டில் அவன் ஒரே பிள்ளை. சிவன் கேட்டதை நான் அவனிடம் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். ஒரு வாரம் கழித்து அவனே லாயத்தில் வைத்துக் கேட்டான், சொல்லிவிட்டேன். ஆச்சரியப்படவில்லை. பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டி, வலது முட்டியின் வெளிப்பக்கத்தைக் காட்டினான். நெருக்கமாக ஓடுகிற இரண்டு குதிரைக்காரர்களின் முட்டி முட்டியோடு உரசினால் வருகிற கன்றிப்போன நீலத் தடம். எனக்குப் பார்த்துப் பழக்கம்தான்.

இக்காவின் பையன்கள் இப்போது விற்கிற பேச்சையே எடுப்பதில்லை. நாலு தடவை ஜெயித்தவள், அடுத்த வருஷமும் ஓட வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இக்கா அதைக் கேட்கத்தான் லாயத்துக்கு வந்தார். ஜோமோன் ஜாதிக்காவின் பிடரியை வாரிக்கொண்டே பதில் சொன்னான். அவன் குரலில் பயம் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது: "காலைல நடக்கக் கூட்டிட்டுப் போறேன் இக்கா, எத்தனை வருஷம் வேணும்னாலும். போட்டி மட்டும் வேண்டாம். அன்னைக்குக் கடைசி நூறு அடியில, நான் எந்தக் குதிரை மேல உக்காந்திருந்தேன்னு எனக்கே நிச்சயமில்ல."

குதிரைக்குப் பின்னால் நிற்காதே, உதைக்கும் என்று தொழில் சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். பக்கத்தில் நிற்பதற்கு முன் இடம் காலியா என்று கேட்டுக்கொள் என்று ஒருத்தரும் சொல்லித் தரவில்லை.