ஜீப்பில் ஒரு பெண் அழைப்பு

எங்களிடம் ஒரு ஜீப் இருக்கிறது என்று நான் சொன்னது பொய்யில்லை. வில்லியனூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், பெரியப்பா மணிலாக்கொட்டை போட்டுவைக்கிற கொட்டகையில், வைக்கோலுக்கு அடியில் இருந்தது. அது ஓடுமா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அப்படிக் கேட்காமல் விட்டவர் எனக்கு மாமனார் ஆகப்போகிறவர். அவருடைய ஊர் கரையாம்புத்தூரையும் தாண்டி ஆற்றுக்கு அக்கரையில். அப்போது அங்கே பாலம் கிடையாது. மழை மாதங்களில் தண்ணீர், மற்ற மாதங்களில் மணல். அவருடைய மூத்த மகளைப் பெண் அழைக்கப் போன வாடகைக் கார் நடு ஆற்றில் உட்கார்ந்துவிட்டது. மணப்பெண் பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நடந்தே கரையேறினாள். ஊர் அதை மறக்கவில்லை. சந்தையில் அவரைப் பார்க்கிறவர்கள் எல்லாம், "இன்னாபா, அடுத்த பொண்ணுக்குப் படகா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

அதனால் நிச்சயத்தன்று, வெற்றிலைத் தட்டு கைமாறுவதற்கு முன்பே, என்னைப் பார்த்துச் சொன்னார்: "சார், என் ரெண்டாவது பொண்ணு மணல்ல கால் வைக்க மாட்டா. வண்டி மணல்ல நின்னுச்சுன்னா பொண்ணு திரும்பி எங்க வூட்டுக்கு வந்துடும். அப்புறம் ஈஸ்டர் கழிச்சுதான் பேச்சு. அப்பவும் பேசுவனான்னு தெரியாது."

நான் பள்ளிக்கூட வாத்தியார். அதனால்தான் சார். ஈஸ்டர் எதற்கு என்றால், தவக்காலத்தில் எங்கள் கோயிலில் கல்யாணம் நடக்காது. தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனுக்கு முந்தைய திங்கட்கிழமை கல்யாணம், ஞாயிறு மத்தியானம் பெண் அழைப்பு என்று குறித்திருந்தார்கள். அதைத் தவறவிட்டால் நாற்பது நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். அதற்குள் ஒரு மனிதர் எத்தனை தடவை மனசு மாறலாம்! என் வாய் முந்திக்கொண்டது.

"எங்க பெரியப்பாகிட்ட ஜீப் இருக்குங்க."

கதவுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள்.

இது எழுபதுகளின் பிற்பாதி. தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்தது. எங்கள் பாண்டிச்சேரிப் பக்கத்தில் சாராயக்கடை இருந்தது. எங்கள் ஊரிலிருந்து அவர்கள் ஊருக்குப் போகிற வழியில் பாண்டிச்சேரி மண் வரும், தமிழ்நாட்டு மண் வரும், மறுபடியும் பாண்டிச்சேரி மண் வரும். இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

பொங்கல் கழிந்த செவ்வாய்க்கிழமை வைக்கோலை இறக்கினோம். பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. நான்கு டயரும் வெடித்துப் போயிருந்தன. ஏர் கிளீனரைத் திறந்தால் உள்ளே எலிக்கூடு. வண்டியை நிறுத்தி ஆறு வருஷம்தான் ஆகிறது என்று பெரியப்பா சாதித்தார். எலி தன் கூட்டைக் கோயில் காலண்டர் தாள்களால் கட்டியிருந்தது. அதில் கிழியாத ஒரு மூலையைப் பிரித்து வாசித்துக் காட்டினேன். ஒன்பது வருஷம்.

"எலி எங்கேருந்தாவது பழைய காலண்டரைத் தூக்கியாந்திருக்கும்டா," என்றார் பெரியப்பா.

பட்டாளத்தில் கழித்துக்கட்டிய வண்டியை அவர் ஏலத்தில் எடுத்திருந்தார். ஆனால் ஒருநாளும் ஓட்டியதில்லை. டிரைவர் வைத்திருந்தார், தான் பக்கத்தில் உட்கார்ந்து கைகாட்டிக்கொண்டு வருவார். டிரைவர் வேலையை விட்டுப் போன அன்று வண்டியும் கொட்டகைக்குள் போனது. அதனால் ஜீப்பைப் பற்றிப் பெரியப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் இடது சீட்டிலிருந்து தெரிந்ததுதான்.

வில்லியனூர் கடைத்தெருவில் பம்புசெட் இன்ஜின் பழுது பார்க்கிறவன் என்னோடு படித்தவன். அவனை அழைத்துவந்தேன். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினான்.

"இன்னா வாத்தியாரே, கிணத்தைக் காணோம்?"

"இது தண்ணி எறைக்கிறது இல்லடா. ஓடுறது."

"இன்ஜின்னா இன்ஜின்தான். ஓடுறதும் எறைக்கிறதும் அப்பாலதான்."

பிளக்குகளைக் கழற்றி, நான்கு துளையிலும் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி, ஒரு வாரம் யாரும் தொடக் கூடாது என்றான். அடுத்த செவ்வாய்க்கிழமை முன்னால் ஹேண்டிலைச் செருகி இரண்டு பேருமாகத் தொங்கினோம். அசையவில்லை. புதன், அசையவில்லை. வியாழன் காலை பத்தரை மணிக்கு 'டொக்' என்று ஒரு சத்தம். ஹேண்டில் கால் சுற்று நகர்ந்தது. நாங்கள் இரண்டு பேரும் கொட்டகையில் கைகோத்து ஆடினோம். கோழி அப்போதும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த பத்து நாள் கழிந்தது பிரேக்கில். டிரம்களைக் கழற்றினால் உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தது. ரப்பர்களை மாற்றி, குழாய்களை மாற்றி, நான் பெடலை மிதிக்க, அவன் கீழே படுத்துக்கொண்டு காற்றை வெளியேற்றினான். "மிதி. விடு. மிதி. விடாத! விடாதன்னு சொன்னேன்ல! மூஞ்செல்லாம் பிரேக் ஆயிலு!" டவுனில் இருந்த ஒரு பழைய லாரியின் டயர்களில் நான்கு எங்கள் சக்கரத்துக்கு ஒத்துப்போவதாக யாரோ சொன்னார்கள், ஒத்துப்போகவில்லை. வேறு நான்கு கிடைத்தன.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் அதை ஊரறிய ஓலை வாசிப்பார்கள், இதற்கிடையே இரண்டு ஞாயிறு வாசித்துவிட்டார்கள். மூன்றாவது ஓலை பாக்கி. ஜீப்போ இன்னும் ஒரு முழு நிமிஷம் சேர்ந்தாற்போல் ஓடவில்லை. இரண்டு இருமல், ஒரு தும்மல், நின்றுவிடும். காரணம் டேங்க். ஒன்பது வருஷப் பெட்ரோல் வெல்லப்பாகு மாதிரி அடியில் உறைந்திருந்தது. கருங்கல் ஜல்லி போட்டுக் குலுக்கினோம். மண்ணெண்ணெய் ஊற்றினோம். அசையவில்லை. அந்தத் திங்கட்கிழமை என் பம்புசெட் தோழன் கையில் பெரிய கேனோடு வந்தான்.

"இன்னாடா அது?"

"சாராயம். கரையாததை எல்லாம் கரைக்கும். எங்க மாமன் குடலையே கரைச்சிருக்கு."

அவன் வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. அது அவனுக்கு ஒரு மருந்து, அவ்வளவுதான். எங்கள் மண்ணில் கடைக்குப் போய்க் கேட்டால் கிடைக்கிற மருந்து. முழுக் கேனையும் டேங்கில் சாய்த்தான். பெரியப்பா அதைப் பார்க்க மனசில்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்த வண்டியில் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. ஊற்றும்போது பாதி சீட்டின் தேங்காய்நாருக்குள் இறங்கியது. அதை நாங்கள் கவனித்தோம். காய்ந்துவிடும் என்று இருந்துவிட்டோம்.

பாகு கரைந்தது. அதை வடித்துவிட்டுப் புதுப் பெட்ரோல் ஊற்றினோம். ஜீப் ஓடியது! கொட்டகையிலிருந்து தானே வெளியே வந்து, கோயிலைச் சுற்றி, மேரி ஆபீஸ் என்று நாங்கள் சொல்கிற நகராட்சி அலுவலகம் வரை போய்த் திரும்பியது. போன இடமெல்லாம் சாராய வாசனையும் போனது. எனக்கே தலை லேசாகச் சுற்றியது. காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே ஓட்டினேன்.

புதன்கிழமை டவுனுக்குப் போய், ரோட்டில் ஓட்டச் சான்றிதழ் வாங்க வண்டியைக் காட்டினோம். சோதித்த அதிகாரி, "பிரேக் போடுங்க," என்றார். பெரியப்பா முன் கண்ணாடியில் போய் முட்டினார். "பிரேக் நல்லாருக்கு," என்று எழுதிக்கொண்டார். ஹார்னை அழுத்தச் சொன்னார். சத்தம் வரவில்லை. அவர் உதட்டைப் பிதுக்கினார். நான் பதற்றத்தில் ஸ்டீயரிங்கை இடதுபக்கம் ஒடித்தேன். பாம்ம்ம் என்று அலறியது. கையெழுத்துப் போட்டுவிட்டார். இடதுபக்கம் திருப்பினால் மட்டும்தான் ஹார்ன் அடிக்கும் என்பதும், திருப்பினால் அடிக்காமல் இருக்காது என்பதும் வீட்டுக்குத் திரும்புகிற வழியில்தான் தெரிந்தது.

தீராத விஷயங்கள் இரண்டு இருந்தன. நல்ல பேட்டரி கிடைக்கவில்லை, கிடைத்த பழையதற்கு ஹார்ன் அடிக்கத்தான் தெம்பு இருந்தது, ஹேண்டில் போட்டுத்தான் எழுப்ப வேண்டும், சூடான இன்ஜின் சுலபத்தில் எழாது. "வழியில ஆஃப் பண்ணாத. சாமியாரே வந்து சொன்னாலும் ஆஃப் பண்ணாத," என்றான் தோழன். இன்னொன்று, கியர் கம்பிக்குப் பக்கத்தில் இரண்டு குட்டிக் கம்பிகள். எதற்கு என்று எழுதியிருந்த தகடு துருப்பிடித்துப் போயிருந்தது.

"ஒண்ணு முன்சக்கரத்துக்கு," என்றார் பெரியப்பா. "இன்னொண்ணு... அதுவும் முன்சக்கரத்துக்குத்தான்."

"பம்புசெட்டுல இதெல்லாம் கெடையாது," என்றான் தோழன். "தொடாத. தொடலைன்னா கெடாது."

ஞாயிறு பூசையில் மூன்றாவது ஓலையும் வாசித்தாயிற்று. பெண் அழைக்க மாப்பிள்ளை போகிற வழக்கம் எங்களிடம் இல்லை. ஆனால் லைசென்ஸ் என்னிடம்தான் இருந்தது. பட்டு வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு சாராய சீட்டில் உட்கார்ந்தேன். பெரியப்பா இடது சீட்டில் கைகாட்டிக்கொண்டு வந்தார்.

தமிழ்நாட்டு மண் தொடங்குகிற இடத்தில் செக்போஸ்ட். மூங்கில் கழி இறங்கியது. ஒரு கான்ஸ்டபிள் வந்து ஜன்னல் பக்கம் குனிந்தார். மூக்கு விரிந்தது.

"வண்டியை ஆஃப் பண்ணு."

"சார், ஆஃப் பண்ணினா மறுபடி..."

"பண்ணுய்யா!"

பண்ணினேன். அந்த நிசப்தத்தில் வாசனை இன்னும் பலமாக அடித்த மாதிரி இருந்தது.

"ஊதுய்யா." ஊதினேன். அவர் ஏமாந்தார். பெரியப்பாவையும் ஊதச் சொன்னார். வெற்றிலை வாசனைதான். பிறகு சீட்டைத் தட்டினார், டேங்கைத் திறந்து மோந்தார், முகம் மலர்ந்தது.

"ஓஹோ! டேங்க் நெறையச் சரக்கு! பட்டு வேட்டி வேற! கெட்டிக்காரன்தான்யா நீ!"

"சார், அது பெட்ரோல். டேங்க் கழுவத்தான் சாராயம். நான் வாத்தியார். இன்னிக்குப் பெண் அழைப்பு. நான்தான் மாப்பிள்ளை."

"மாப்பிள்ளையே பொண்ணழைக்கப் போறாரா? இது பெரிய பொய்யால்ல இருக்குது." பின்சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினார். "தோ, மாட்டிக்கிச்சு!" என்று வெளியே எடுத்தார். கையில் ஒரு முட்டை. காலையில்தான் கோழியை விரட்டியிருந்தோம். அது தன் வேலையை முடித்துவிட்டுத்தான் இறங்கியிருக்கிறது.

கான்ஸ்டபிள் முட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சாராயத்துல வண்டி ஓடாது, இல்ல? அப்ப ஓட்டிக் காட்டு. ஓடிச்சுன்னா போ."

நான் இறங்கி ஹேண்டிலைச் செருகினேன். ஒன்று, இரண்டு, மூன்று. வேட்டி அவிழ்ந்தது, கட்டினேன். நான்கு, ஐந்து. மணி மூன்றே கால். ஆறு. கான்ஸ்டபிள் முட்டையைப் பெரியப்பாவிடம் கொடுத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். "தள்ளு, வாத்தியாரே. நான் லாரி கிளீனரா இருந்தவன்." ஒரே சுற்று. ஜீப் உறுமிக்கொண்டு எழுந்தது. "கல்யாணத்துக்குக் கூப்பிடு!" என்று கத்திக்கொண்டே கழியைத் தூக்கினார்.

ஆற்றில் கண்ணை மூடிக்கொண்டு இறங்கினேன். இந்தப் பக்கம் செங்குத்தான சரிவு. அந்த வேகத்திலேயே மணலைத் தாண்டி அக்கரை ஏறிவிட்டோம். பெரியப்பா முட்டையை உடைக்காமல் கொண்டுவந்து சேர்த்தார்.

பெண் வீட்டில் நான் இறங்கவில்லை. ஆக்சிலேட்டரில் கால் வைத்தபடி முக்கால் மணி நேரம் உட்கார்ந்தே இருந்தேன். கேசரியை ஜன்னல் வழியாகக் கொடுத்தார்கள். "மாப்பிள்ளைக்குக் காலு இருக்குதா, இல்லியாடி?" என்று ஒரு சித்தி சத்தமாகவே கேட்டாள். "பாதிதான் தெரியுதுக்கா, மீதியைக் கல்யாணத்துக்கு அப்புறம் காட்டுவாங்க போல," என்றாள் இன்னொருத்தி.

பின்னால் இரண்டு சித்திமாரும், பெரியப்பாவும், டிரங்குப் பெட்டியும், ஒரு வாழைத்தாரும். மணப்பெண்ணை முன்சீட்டில் உட்காரச் சொன்னது அவள் அப்பாதான். கரையில் நின்று பார்க்கிறபோது மகள் கண்ணுக்குத் தெரிய வேண்டுமாம். குடையை ஊன்றிக்கொண்டு ஆற்றங்கரையில் போய் நின்றார். அவர் பின்னால் பாதி ஊர் நின்றது.

இறங்கினோம். மணல் வந்தது. நடு ஆற்றைத் தாண்டியதும், ஏற வேண்டிய சரிவுக்கு இருபது முழம் முன்னால், பின்சக்கரங்கள் சுழன்றன. வண்டி நகரவில்லை. இன்னும் அழுத்தினேன். ஒரு சாண் புதைந்தது. கண்ணாடியில் பார்த்தேன்: குடை கரையிலிருந்து கீழே இறங்கத் தொடங்கியிருந்தது.

"அப்பா வர்றாரு," என்றாள். நான் கேட்ட அவளுடைய முதல் வாக்கியம் இதுதான். இரண்டாவது: "நடுவுல இருக்குற குட்டிக் கம்பியை உங்க பக்கமா இழுக்கலையா?"

"எதுக்கு?"

"அது முன்சக்கரத்துக்கு. கரும்பு மில் ஆபீசர் அவரு ஜீப்புல வாராவாரம் இந்த மணல்ல இழுப்பாரு. பள்ளிக்கூடப் பொண்ணுங்களை ஏத்திக்கினு போவாரு. முன்னாடிதான் நான் உக்காருவேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னொரு கம்பியைத் தொடாதீங்க," என்றாள்.

கிளட்சை மிதித்து இழுத்தேன். கீழே எங்கேயோ 'கட்டக்' என்றது. முன்சக்கரங்கள் மணலைப் பற்றின. பற்றுவது ஸ்டீயரிங் வழியாகக் கைக்கே தெரிந்தது! ஜீப் ஒரு எருமை சேற்றிலிருந்து எழுவது மாதிரி உடம்பைக் குலுக்கிக்கொண்டு எழுந்து சரிவில் ஏறியது. சித்திமார் கூச்சலிட்டார்கள், வாழைத்தார் சாய்ந்தது, பெரியப்பா "நான்தான் சொன்னேனே, முன்சக்கரத்துக்குன்னு!" என்று கத்தினார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கதவுக்குப் பின்னால் கேட்ட அதே சிரிப்பு.

கரை மேலே பாதை இடதுபக்கம் வளைகிறது. திருப்பினேன். பாம்ம்ம் என்று ஹார்ன் அலறியது. அக்கரையில் ஊரே கைதட்டியது. நடு மணலில் குடையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு அவர் ஏதோ கூவினார். ஹார்ன் சத்தத்துக்கு நடுவே கடைசி வார்த்தைகள் மட்டும் கேட்டன:

"...போதும் மாப்ள! ஹார்னை நிறுத்துங்க மாப்ள!"

அதுவரை என்னை சார் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நிறுத்தியிருப்பேன்தான். ஆனால் அந்தப் பாதை கரையாம்புத்தூர் வரைக்கும் இடதுபக்கமாகவே வளைந்துகொண்டு போகிறது.