மங்கை அக்காவின் வேலிக்கரைப் பற்றை

மங்கை அக்கா காலமான செய்தி வந்தபோது நான் வயலில் நின்றேன். எங்கள் அக்கராயன் கிளினிக்கில் வேலை செய்யும் மருத்துவமாது தொலைபேசியில் அழைத்து, "அக்கா போயிட்டா அண்ணை. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில வைச்சு, நெஞ்சுவருத்தம்" என்றார். வரம்பிலேயே இருந்துவிட்டேன். அழுகை வந்தது. ஆனால் கண்ணைத் துடைத்த கையோடு நான் நினைத்தது என்ன தெரியுமா? செத்தவீட்டு வாசல் புதர் மண்டிப் பற்றையாகக் கிடக்கிறதே என்றுதான். கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் அல்லவா நான். இந்த அஞ்சலியை எழுத எனக்குத் தகுதி உண்டா என்பதை வாசித்து முடித்தபின் நீங்களே சொல்லுங்கள்.

அவரை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். மங்கையர்க்கரசி அக்கா எங்கள் உப தபாலகத்தில் தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்த குடும்பம். மணம் முடிக்கவில்லை. வாய் கொஞ்சம் காரம். அந்த வாய்க்குப் பயந்தவர்களும் ஓர் அவசரம் என்றால் அவர் வீட்டுக்குத்தான் ஓடினார்கள்.

போர் முடிந்து ஊருக்கு மீள்குடியேறிய புதிதில் பற்றை என்றாலே எங்களுக்குப் பயம். உள்ளே பாம்பு இருக்கலாம், அதைவிடக் கொடியதும் இருக்கலாம். கண்ணிவெடி அகற்றியவர்கள் வந்து போன பிறகும், வளவை மண் தெரியச் செருக்கி வைத்தால்தான் நித்திரை வந்தது. அக்கா மட்டும் கிளினிக்கை ஒட்டிய தன் வேலிக்கரையில் பூவரசு, நொச்சி, பாவட்டை, ஆடாதோடை என்று நடத் தொடங்கினார். வேலியில் முசுட்டைக் கொடியை ஏற்றிவிட்டார். தானாக முளைத்த பாலைக்கன்று ஒன்றை ஆடு மாடு கடிக்காமல் காவோலை கட்டிக் காத்தார். தபால் கந்தோர் அக்காவுக்கு மூளை பிசகிவிட்டது என்று ஊர் சொன்னது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நான் நேரிலேயே போய்க் கேட்டேன்.

"கண்ணிவெடியைத்தானே தம்பி எடுக்க வந்தவங்கள்? காட்டையும் எடுக்கச் சொல்லி ஆர் சொன்னது?" என்றார்.

பிறகு ஒருமுறை, ஊரை அழகாக்குகிறேன் என்று கடதாசிப்பூக் கன்றுகள் இரண்டு வாங்கிப்போய்க் கொடுத்தேன். மரியாதையாக வாங்கிக்கொண்டார். மறுநாள் அவை என் வீட்டுப் படலையடியில் இருந்தன. "உம்மட வாசலுக்குத்தான் தம்பி இது வடிவு" என்று சொல்லிச் சிரித்தார்.

பூவரசுகள் நிழல் விட்டதும், கிளினிக்குக்கு வரும் தாய்மார் வெயில் காயும் சீமெந்து வாங்கு இருக்கையை விட்டு அங்கே வந்து குந்தினார்கள். அதுவரை யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் பெண்கள் ஒரு பக்கம், மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களின் பெண்கள் மறுபக்கம் என்றுதான் இருப்பார்கள். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தோம். அக்கா ஒரு சட்டம் போட்டார். அங்கே யாரும் தனக்கென்று இலை ஆயக்கூடாது, பக்கத்தில் இருப்பவருக்குத்தான் ஆய வேண்டும். முசுட்டை வறைக்கும் இருமல் கசாயத்துக்கும் ஆசைப்பட்டவர்கள் வேறு வழியில்லாமல் ஒருவரோடு ஒருவர் கதைத்தார்கள். யாருக்குச் சளி, யார் வீட்டில் உலை வைக்கவில்லை, யார் இரவில் தனியாக அழுகிறார் என்பதெல்லாம் அந்த நிழலில் தெரியவந்தது. கணவரை இழந்த அழகம்மா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குளக்கட்டுக்குப் போன ஒரு நாளில், அவரைத் தேடிப் போய்க் கூட்டிவந்தவர்கள் அந்தப் பெண்கள்தான்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் செய்தேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து அக்காவின் தங்கை வருவார், கனடாவிலிருந்து உடன்பிறந்தாரின் பிள்ளைகளான பெறாமக்கள் வருவார்கள். வன்னியில் இருப்பவர்கள் காட்டுச் சனம் என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது என்பதுதான் என் மண்டைக்குள் இருந்தது. தெரிந்த ஒருவரிடம் மண் வழிக்கும் பெக்கோ இயந்திரம் கேட்டேன். துக்க காரியம் என்று காசு வாங்காமலே கொண்டுவந்தார். முழுதாக வழிக்கச் சொல்லிக் கை காட்டியது நான்தான். மதியத்துக்குள் வேலிக்கரை வெட்டவெளியாயிற்று. பாலைக்கன்று என் தோள் உயரம் வந்திருந்தது, அதுவும் போயிற்று. மேலே கிரவல் மண் பரப்பி, வெள்ளைத் தோரணம் கட்டி, தள்ளி நின்று பார்த்தேன். திருப்தியாக இருந்தது. ஆம், திருப்தியாகத்தான் இருந்தது.

உடல் வந்து இறங்கியது. தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல துப்பரவா வைச்சிருக்கிறியள் தம்பி. ஒரே பத்தையெண்டு அக்கா போனில சொல்லுவா, நான் பயந்துகொண்டு வந்தனான்" என்றார். அக்கா அதைப் பெருமையாகச் சொல்லியிருப்பார் என்று அப்போதுதான் உறைத்தது. நான் கை கூப்பி அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன்.

அழகம்மா பின்னால் நின்றார். அக்காவின் கைக்குள் வைக்க ஒரு கொத்து முசுட்டை ஆய வந்தவர். கிரவலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஐயா, இத யாரு வெட்டச் சொன்னது?"

"சங்கம்" என்றேன்.

சங்கம் இதற்காகக் கூடவே இல்லை. அழகம்மா தலையாட்டிவிட்டு வெறுங்கையோடு உள்ளே போனார். சற்று நேரத்தில் நான் அதே கிரவலில் நின்று, அமரர் இயற்கையை நேசித்தவர் என்று இரங்கலுரை ஆற்றினேன். கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குக் கால் கூசியது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு வந்த கிளினிக் நாளில் அந்தப் பக்கம் போனேன். பழக்கத்தில் தாய்மார் அங்கேயே வந்திருந்தார்கள். குந்த இடமில்லாமல், பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றார்கள். என்னை ஏசுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அழகம்மா தன் குடையைச் சற்றுச் சரித்து, "வெயிலா இருக்குங்க ஐயா, இதுக்குள்ள வாங்க" என்றார்.

போய் நின்றேன். அவரது ஒரு தோள் வெயிலில் இருந்தது.

மங்கை அக்கா, நான் எந்த நடுகையையும் தொடங்கி வைத்துவிட்டு இதை எழுதவில்லை. உங்கள் பெயரைச் சொல்லி ஒரு கன்று வைக்கும் துணிவு இன்னும் எனக்கு வரவில்லை. அன்று அழகம்மாவுக்குச் சொல்லாத பதிலை மட்டும் ஊரறிய இங்கே எழுதி, உங்களை வழியனுப்புகிறேன்.

சங்கம் இல்லை அழகம்மா. நான்.