பிளவுசுக்குள் ஒரு போத்தல்

ஏழு வருடமாகப் பிள்ளை இல்லை என்று மாமி என்னை மட்டுமே டாக்டர்களிடம் அனுப்பினார். கடைசியாகப் பார்த்த டாக்டர் சினந்தார். "உங்கட மனுசனை ஒருக்காலும் சோதிக்கேல்லையோ? அதல்லோ முதல் செய்யவேணும்!"

விந்தை வீட்டில் எடுத்து, சூடு ஆறாமல் ஒரு மணித்தியாலத்துக்குள் கொள்ளுப்பிட்டி லாப்பில் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். சண்டைக் காலத்தில் வெள்ளவத்தையிலிருந்து போகும் தமிழன் சேட்டுக்குள் எதையாவது ஒளித்துக்கொண்டு செக்பொயின்ட் தாண்டுவானா? போத்தலை நான் பிளவுசுக்குள் செருகிக்கொண்டேன்.

நானும் அவரும் போன பஸ்ஸை வழியில் மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். பெண்களைச் சோதிக்கும் திரைக்குப் பின்னால், பொலிஸ்காரியின் கை போத்தலில் பட்டு நின்றது. டாக்டரின் கடிதத்தை நீட்டினேன். வாசித்தாள். "மடத் நே, அக்கே," என்றாள் சிங்களத்தில், மெதுவாக. அவளுக்கும் பிள்ளை இல்லையாம். போத்தலைத் தன் கையாலேயே திரும்பச் செருகிவிட்டு, வெளியே வரிசையில் நின்ற என் கணவரை உடனே விடச் சொல்லிக் கத்தினாள்.

நேரத்துக்குக் கொடுத்துவிட்டோம். இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. அவருக்குத்தான் அணுக்கள் குறைவு, மருந்தால் கூட்டிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது.

"அம்மாவுக்கு நானே சொல்லுறன்," என்றார் என் கணவர்.

"சொல்லுங்கோ," என்றேன். "அதுக்கும் ஒரு மணித்தியாலம்தான் தவணை."