பிசின் மாமாவின் பாட்டில்

வாய் மட்டும் இல்லாவிட்டால் பிசின் மாமாவை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும். அவருடைய அப்பாவுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் அக்கா, நடுவில் ஒன்று பிறந்த வாரமே போயிற்று, கடைக்குட்டி இவர். இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி என்பதால் அக்காவுக்கு இவர் சொன்னதெல்லாம் வேதவாக்கு.

பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர் மொட்டை மாடியில் ஆறு தேன்பெட்டி வைத்தார். தேன் தேறவில்லை. பெட்டி இடுக்கில் தேனீ பூசிவைக்கும் கறுத்த பிசின்தான் தேறியது. மரத்து மொட்டிலும் பட்டையிலும் சுரண்டி வந்த பிசினோடு மெழுகைக் குழைத்துத் தேனீ பூசும்; கூட்டில் கிருமி பெருகாமல் அது காக்கும். அதுவரை உண்மை. மூலம், முடி கொட்டுவது, மூட்டுவலி எல்லாவற்றுக்கும் அதைக் காய்ச்சி அடைத்த ஒரே பாட்டில் என்றது மாமாவின் சொந்தச் சரக்கு.

அக்காவுக்குக் குதிகாலில் சர்க்கரைப் புண். மூன்று வாரமாகத் தம்பியின் பாட்டில் தண்ணீரில் துணியை நனைத்துத்தான் கட்டினாள். புண் ஆறவில்லை, வாடைதான் ஏறியது. "தம்பி மருந்து இருக்கறப்ப ஆஸ்பத்திரி எதுக்குடி?" என்று மகளை அடக்கிவிடுவாள். அந்த மகள் கிருமிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். அவள் மாமாவிடமே போய் ஒரு பாட்டிலும் காய்ச்சாத பிசின் கொஞ்சமும் கேட்டாள்.

"தாராளமா எடுத்துட்டுப் போ! முத்திரை குத்தி ஒரு காகிதம் குடு. பாட்டில்ல ஒட்டிக்கறேன்."

மூன்றாம் நாள் மாமாவை அம்மாவின் அறைக்கு வரவழைத்து போனில் படத்தைக் காட்டினாள். கிருமி பரப்பிய கண்ணாடித் தட்டு. அதில் மூன்று பொட்டுத் தாள்கள். ஆஸ்பத்திரி மருந்தில் நனைத்த தாளைச் சுற்றிப் பெரிய வெற்று வட்டம், கிருமி செத்த இடம். பிசினை ஸ்பிரிட்டில் கரைத்து நனைத்ததைச் சுற்றிச் சின்ன வட்டம். மாமாவின் பாட்டிலில் நனைத்த தாளின் மேலேயே கிருமி ஏறிப் படுத்திருந்தது.

"எதுல காய்ச்சினீங்க மாமா?"

"தண்ணியிலதான், அஞ்சு மணி நேரம். ஸ்பிரிட்டுன்னா சாராயம். கையால தொடமாட்டேன்."

"அடியில நின்ன கட்டி?"

"சக்கைதானே? குப்பையில கொட்டிட்டேன்."

"அந்தச் சக்கையிலதான் சத்தே இருக்கு. பிசின் தண்ணியில லேசுல கரையாது. அதைக் கொட்டிட்டு, சட்டி கழுவின தண்ணியை எங்கம்மா கால்ல கட்டியிருக்கீங்க."

"அது உங்க கூடத்துக் கிருமி, திமிர் புடிச்சது. வீட்டுக் கிருமி அடங்கும்," என்றார் மாமா கூசாமல்.

கட்டிலில் கிடந்த அக்கா புண்ணின் கட்டை அவிழ்த்தாள்.

"டேய், குனிஞ்சு மோந்து பாருடா."

மாமா மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்.

"உன் மனசு நோகக் கூடாதுன்னு மூணு வாரம் இந்த நாத்தத்தோட படுத்திருந்தேன். உனக்கு மூணு நிமிஷம் நிக்க முடியலையா? வண்டியக் கூப்பிடுடி."

ஆஸ்பத்திரியில் குதிகாலின் அழுகலைச் சுரண்டி எடுத்தார்கள். நல்லவேளை, கால் தப்பியது. வெளியே பெஞ்சில் மாமா பக்கத்து ஆளிடம் அளந்துகொண்டிருந்தார்: "மூணு வாரம் என் பாட்டில் மருந்துதான் தாங்கிப் புடிச்சது. இல்லேன்னா காலே போயிருக்கும்."

அந்த ஆளும் ஆவென்று வாயைத் திறந்து தன் சொத்தைக் கடைவாய்ப் பல்லைக் காட்டினான்.