டபுள் டச்சும் மிஸ் வெர்லீனின் மணிக்கட்டும்

எங்கள் தெரு மிஸ் வெர்லீன் ஸ்டக்கி கயிறு சுற்றினால், புரூக்ளினில் காற்றே அவரிடம் கேட்டுக்கொண்டுதான் வீசும். ஹெலிகாப்டரைக் கண்டுபிடித்தவன் அவர் சுற்றுவதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தான். அவர் பிறக்கும் முன்பே அது பறந்தது என்பவர்களுக்கு வரலாறு தெரியாது.

வயது ஐம்பத்தெட்டு. பகலில் பள்ளி வாசலில் கார்களை நிறுத்திப் பிள்ளைகளைச் சாலை கடக்க வைக்கும் வேலை. மாலையில் டபுள் டச். இரண்டு கயிற்றை இருவர் எதிரெதிராகச் சுற்ற, நடுவே புகுந்து குதிக்கும் ஆட்டம். விளங்காத பேச்சுக்கும் ஆங்கிலத்தில் அதே பேர்தான்.

பிப்ரவரியில் பனியில் வழுக்கி அவருடைய வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்து இரண்டு மாதமாகியும் அவர் கயிற்றைத் தொடவில்லை. பயம். சுற்றுகிறவர் கை கோணினால் கயிறு கோணும். கோணலாகச் சுற்றுகிறவரை எங்கள் தெருவில் 'ரெட்டைக் கை' என்பார்கள். அந்தப் பட்டம் கல்லறை வரை கூட வரும்.

ஜூனில் ஒரு சனிக்கிழமை, விளக்குக் கம்பங்களில் நோட்டீஸ்: "டபுள் டச் என்ற பெயர் எப்படி வந்தது? இன்று நான்கு மணிக்கு வெர்லீன் யூலாலி ஸ்டக்கி விளக்குகிறார். மறுப்பவர்கள் வரலாம்." யார் ஒட்டியது என்று தெரியாது. நான் வீட்டில் பாடம் படித்துக்கொண்டிருந்தேன்.

மறுப்பவர்கள் மூன்றரைக்கே வந்துவிட்டார்கள். முடிவெட்டும் கிளீவன் ஆரம்பித்தார்: "இந்த ஊரே ஒரு காலத்துல டச்சுக்காரன் ஊருதானே? அவன் பிள்ளைங்க ரெண்டு கயித்துல ஆடிச்சுங்க. வேடிக்கை பாத்த இங்கிலீஷ்காரனுக்கு ஒண்ணும் புரியல. பேரு வெச்சுட்டான்."

"போய்யா," என்றார் தபால்காரி பெர்னடீன். "இங்கிலீஷ்காரனுக்கும் டச்சுக்காரனுக்கும் கடல்ல சண்டை. பிடிக்காததுக்கெல்லாம் டச்சுன்னு பேரு. புரியாத பேச்சு டச்சு, சுத்தமா புரியலன்னா டபுள். கயிறெல்லாம் அப்புறம்."

"நீ போய்ப் பாத்தியா?"

"நீ முடி வெட்டுறதப் பாத்திருக்கேன். அதுக்கப்புறம் உன் பேச்ச எவன் நம்புவான்?"

நோட்டீஸைக் கிழிக்க மிஸ் வெர்லீன் வீட்டுச் செருப்போடு ஓடிவந்தார். "நான் எங்க விளக்குறேன்னு சொன்னேன்? எனக்கும் தெரியாது, ஒருத்தருக்கும் தெரியாது!"

யார் கேட்டார்கள்? சத்தம் ஏறியது. பொறுக்க முடியாமல் கத்தினார்: "வாய மூடுங்க! வாதம் பண்றவங்க கயித்துக்குள்ள குதிச்சிக்கிட்டே பண்ணுங்க. கால் தட்டுனா தோத்தீங்க!"

சொன்ன பிறகுதான் கயிற்றின் நுனிகளைத் தாமே எடுத்திருப்பதைப் பார்த்தார். மறுமுனையில் நான். (பாடம் முடிந்துவிட்டது.) வலது கையை ஒரு கணம் முறைத்தார். சுற்றினார்.

கிளீவன் குதித்தார்: "டச்... சுக்... கா... ஹப்... பிள்... ளைங்..." பெர்னடீன் பையோடு குதித்தார், "கடல்... ஹம்ப்... ல" என்பதற்குள் பாதித் தெருவின் கடிதங்கள் பறந்தன. யாருக்கும் ஒரு சொல் விளங்கவில்லை.

நடுவில் ஒருமுறை கயிறு லேசாகக் கோணியது. அந்த நேரம் பார்த்துத் தெரு மொத்தமும் வானத்தில் ஏதோ தேடியது. பிறகு கோணவே இல்லை.

"அடியே நயாஷா," என்றார் மிஸ் வெர்லீன், சுற்றிக்கொண்டே. "நோட்டீஸ்ல இருக்கிற யூலாலிங்கிற பேர இந்தத் தெருவுல யாருக்கும் நான் சொன்னதில்ல. ஆஸ்பத்திரியில பேர் எழுதி என் கையில கட்டுன பட்டையில மட்டுந்தான் இருந்துச்சு."

"அப்படியா மிஸ் வெர்லீன்?" என்றேன்.

"நான் தூங்குறேன்னு நெனச்சு, அங்க மூணு நாளு வந்து போர்வைய இழுத்துப் போத்திவிட்டுட்டு ஓடுனது யாருன்னு இப்பத் தெரியுது. கயித்தப் பாருடி. உன் கைதான் கோணுது."