கொக்குக்கு இல்லாத உத்தரவு

மீன்வளத் துறையிலிருந்து மழைக்காலத்தில் எங்கள் ஊருக்கு வந்த அந்த அதிகாரி, பேசும்போதெல்லாம் செருப்பில் அப்பிய கரிசல் மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டே இருப்பார். அதனால் எங்கள் முகத்தை அவர் அதிகம் பார்த்ததில்லை.

"கண்மாய் மீன் இனிமே சர்க்காருக்கும் ஊருக்கும் பொது," என்றார்.

"அப்பம் காவல் யாரு ஐயா?" என்று கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள்.

"நீங்கதான்."

"எப்பம் பிடிக்கணும்னு சொல்லுதது யாரு?"

"அது நாங்க."

வேலை இவ்வளவு நியாயமாகப் பிரிந்ததும் ஒரு குழு அமைத்தார். வாயே திறக்காமல் நின்ற என்னை முதல் ஆளாகச் சேர்த்துக்கொண்டார்.

மாசியில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது. அந்தப் பதத்தில் ஊரே கூடையோடு இறங்கிவிடும். கோடை முழுக்கக் கஞ்சிக்குக் கருவாடு அதில்தான். இந்த முறை கரையில் நின்று காவல் காத்தோம். நான் விளாத்திகுளத்தில் இருந்த அவர் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். "மேலே இருந்து உத்தரவு வரட்டும்," என்றார். மறுபடியும் போனேன். அதே பதில்.

உத்தரவோடு அவர் வந்தபோது கண்மாயில் சேறுதான் இருந்தது. மீனைக் கொக்குகள் தின்று தீர்த்திருந்தன. குழுவில் இல்லாததால் அவை யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

அவர் உண்மையாகவே வருந்தினார். என் தோளைத் தொட்டு, "அடுத்த வருஷமாவது கொஞ்சம் முன்னாடியே வந்து சொல்லுங்க," என்றார்.

"சரி ஐயா," என்றேன். அவ்வளவு அன்பாகச் சொன்ன மனிதரை எப்படித் திட்டுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.